பைரவிக்கு ஏன் காது இல்லை?

கே. பாலசந்தரின் 'சிந்து பைரவி' 1985ல் வந்தது. நான் பிறப்பதற்கு முன்னால். ஆனால் எங்கள் வீட்டில் அது புதுப்படம் மாதிரிதான் ஓடிக்கொண்டிருந்தது. டிவியில் எப்போது போட்டாலும் அப்பா வந்து உட்கார்ந்துவிடுவார். அப்பா மிருதங்கக் கலைஞர், பகலில் குமாஸ்தா. அம்மா பாடுவாள். 'பாடுவாள்' என்பதா 'பாடினாள்' என்பதா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. இந்தக் கட்டுரையே ஒருவகையில் அந்தக் குழப்பத்தைப் பற்றியதுதான்.

கதை பலருக்கும் தெரிந்திருக்கும். ஜே.கே.பி. பெரிய பாடகர் (சிவகுமார், பாட்டுக்கு யேசுதாஸின் குரல்). மனைவி பைரவி (சுலக்‌ஷணா) இசை ஞானம் அறவே இல்லாத இல்லத்தரசி. சிந்து (சுஹாசினி) இசை தெரிந்தவள், மக்களுக்குப் புரிகிற மொழியில் பாடேன் என்று ஜே.கே.பி.யையே மடக்குகிறவள். ரசனையில் தொடங்கிய உறவு காதலாகிறது, வீடு உடைகிறது, பாடகர் குடியில் விழுகிறார். கடைசியில் சிந்து தன் குழந்தையைப் பைரவியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

தமிழ் சினிமா கச்சேரி மேடையை இவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொண்டது அபூர்வம். டெல்லி கணேஷின் மிருதங்கக்காரரும் ஜனகராஜின் தம்புராக்காரரும் எனக்குத் தெரிந்த மனிதர்கள், அப்பாவோடு கார் ஏறிப் போனவர்கள். இளையராஜா, சித்ரா, சுஹாசினி மூவருக்கும் தேசிய விருது கிடைத்தது. 'பாடறியேன்' பாட்டு நாட்டுப்புற மெட்டில் தொடங்கி தியாகராஜர் கீர்த்தனைக்குள் போய் இறங்கும் இடத்தில் இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கும். இதிலெல்லாம் எனக்குச் சண்டை இல்லை.

எனக்குச் சண்டை பைரவியைப் பற்றித்தான்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது என்று நினைவு. ஞாயிற்றுக்கிழமை, படம் ஓடுகிறது. அம்மா தரையில் அரிவாள்மணையில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். 'பாடறியேன்' வந்ததும் தலை நிமிராமல் சொன்னாள்: "காம்போதி கிருதியை சாரமதில போட்டிருக்கார், கேட்டியா? தைரியம்தான்." அப்பா "ஆமாமா" என்றார். பைரவியின் அசட்டுத்தனத்தைப் பார்த்து நானும் அப்பாவும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. "ஏன்டா, அவளை ஏன் இப்படி ஒண்ணும் தெரியாதவளா பண்ணியிருக்கான்?" என்று கேட்டாள். பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக அது எங்கள் இருவருக்கும் படவில்லை.

இப்போது படுகிறது. பெயரிலிருந்தே தொடங்கலாம். சிந்துபைரவி, கச்சேரி முடிகிற நேரத்தில் துக்கடாவாகப் பாடுகிற லேசான ராகம், வடக்கிலிருந்து வந்தது. பைரவி அப்படியல்ல. இரண்டு தைவதங்களையும் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் விரியக்கூடிய கனமான ராகம். பாலசந்தருக்கு இது தெரியாமல் இருக்காது. ஆனால் கனமான ராகத்தின் பெயரை வாங்கியவளுக்குத்தான் படத்தில் காதே இல்லை. அவளுக்குக் கொடுக்கப்பட்டதெல்லாம் அடுக்களை, குழந்தை இல்லாத ஏக்கம், வெள்ளந்தி. கனம் அவள் மனசில்தான் இருக்கிறது என்று சொல்லிச் சமாளிக்கலாம். சினிமா ரசிகர்கள் நாங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் வைத்திருப்போம்.

படத்தின் விதி எளிமையானது. வீடு இருக்கிற பெண்ணுக்கு இசை கிடையாது. இசை இருக்கிற பெண்ணுக்கு வீடு கிடையாது. சிந்து மணவாழ்க்கைக்கு வெளியே பிறந்தவள் என்பதும் தற்செயல் இல்லை. பாலசந்தர் இந்த விதியைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, ஒரு பழைய பாகப்பிரிவினையை அப்படியே எடுத்துக்கொண்டார். ஒருபக்கம் 'குடும்பப் பெண்', மறுபக்கம் கலை தெரிந்த பெண்.

உண்மையான இசைக் குடும்பங்களில் இந்தக் கோடு எப்படி இருந்தது? வீணை தனம்மாளை (1867-1938) எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீணை வாசிப்பார். கேட்க வருகிறவர்கள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பார்கள். பேத்திகள் பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி. பாலா ஆடும்போது பாடியது அவருடைய அம்மா ஜெயம்மாள். பாலாவின் தம்பிகள் விஸ்வநாதனும் ரங்கநாதனும் புல்லாங்குழலையும் மிருதங்கத்தையும் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் வரைக்கும் கொண்டுபோனார்கள். பாட்டி, அம்மா, பெண் என்று இசை பெண்வழியாக இறங்கிய வீடு அது. அங்கேயும் அடுப்பு எரிந்திருக்கும். சமைத்ததால் யாருக்கும் காது போய்விடவில்லை.

அந்த மரபைச் சேர்ந்த பெண்களைச் சமூகம் ஓரம் தள்ளியது. பொட்டுக்கட்டுதலைத் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947ல் வந்தது. அவர்களுடைய இசை மட்டும் எங்களைப் போன்ற பிராமண நடுத்தர வீடுகளுக்குள் வந்து மரியாதை பெற்றுக்கொண்டது. வந்து என்ன ஆயிற்று? பெண் பார்க்க வரும்போது பாட ஒரு கீர்த்தனை ஆயிற்று. பஜ்ஜி, சொஜ்ஜி, பாட்டு. அம்மாவும் அப்படித்தான் பாடினாள். அப்பா தொடையில் தாளம் போட்டாராம்.

அம்மா கல்யாணத்துக்கு முன்பே திருச்சி வானொலியில் 'பி' கிரேடு கலைஞர். வானொலியிலிருந்து கான்ட்ராக்ட் தாள் வரும், கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டில் அது சமையலறை அலமாரியில், துவரம்பருப்பு டப்பாவுக்கு அடியில் இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று. அப்பாவுக்கு வெளியூர்க் கச்சேரி, தங்கைக்கு ஜுரம், எனக்குப் பரீட்சை. "இந்தத் தடவை வேண்டாமே" என்று அப்பா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. குரலை உயர்த்திச் சொன்னதே இல்லை. அதனால்தான் அது அநியாயமாகவே எங்களுக்குத் தெரியவில்லை.

ஆனால் பாட்டு நிற்கவில்லை, இடம் மாறியது. அப்பா கூடத்தில் கோர்வை சாதகம் பண்ணும்போது உள்ளேயிருந்து குரல் வரும்: "அரை இடம் தள்ளி விழறது." அப்பா ஒன்றும் பேசாமல் மறுபடி முதலிலிருந்து வாசிப்பார். என் தொழில் பாஷையில் சொன்னால் பேக்ரவுண்ட் ப்ராசஸ். திரையில் தெரியாது, ஆனால் கொன்றுவிட்டால் மெஷின் நின்றுவிடும்.

எங்கள் வீட்டு ரவைக்கு இரண்டு டப்பா. ஒன்று உப்புமாவுக்கு, ஒன்று மிருதங்கத்துக்கு. கச்சேரிக்கு முன் தொப்பிப் பக்கத்தில் ரவையைக் குழைத்து அப்பினால்தான் அந்த அடி நாதம் வரும். முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். வலந்தலையின் கறுப்புக் கரணையிலும் கல்பொடியோடு சோறு கலந்திருக்கிறது. அடுக்களை இல்லாமல் மிருதங்கமே இல்லை! கச்சேரிக்கு முன் இரண்டே இட்லி. ராத்திரி பதினொரு மணிக்குத் திரும்பினால் மிளகு ரசமும் சுட்ட அப்பளமும். அன்றைய ஆவர்த்தனங்களை அப்பா சாப்பிட்டபடி விவரிப்பார், அம்மா பரிமாறியபடி கேள்வி கேட்பாள். நான் கேட்டதிலேயே சிறந்த இசை விமர்சனம் அந்தச் சாப்பாட்டு நேரத்தில் நடந்தது. எங்கேயும் அச்சாகவில்லை.

இதையெல்லாம் நெகிழ்ந்து எழுதும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மிருதங்கத்துக்குத் தோல் மூட்ட வருகிறவருக்கு எங்கள் வீட்டில் காபி வாசலில்தான், தனி டம்ளரில்தான். டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020ல் வந்தபோது படித்தேன். மாட்டுத்தோல் பூஜையறை வரைக்கும் வரும், அதைப் பதப்படுத்தியவர் அடுக்களைப் பக்கம் வரமாட்டார். அந்தக் கோட்டை அம்மாவும் தாண்டவில்லை.

'சிந்து பைரவி'க்குத் திரும்புகிறேன். படத்தின் பெரிய கேள்வி, சாமானியனுக்குப் புரியாத இசை எதற்கு என்பது. நல்ல கேள்வி. ஆனால் சொந்த வீட்டுச் சமையலறையில் நிற்கிறவளுக்கு இசை எவ்வளவு புரியும் என்று படம் கேட்கவே இல்லை, புரியாது என்று முடிவு கட்டிவிட்டுத்தான் தொடங்குகிறது. பைரவிக்குக் காது கொடுத்திருந்தால் ஜே.கே.பி.க்கு சாக்கு இருந்திருக்காது. 'என் ரசனைக்கு வீட்டில் துணை இல்லை' என்ற அந்த ஒரு வரியில்தான் திரைக்கதை மொத்தமும் தொங்குகிறது. வீட்டில் துணை இருந்தும் அதைக் கவனிக்காத ஆணைப் பற்றிய படம் இதைவிடக் கடினமானது. எங்களைப் போன்ற வீடுகளில் அதை ஜாலியாக உட்கார்ந்து பார்த்திருக்க முடியாது.

போன மாதம் பெங்களூர் ஃபிளாட்டில் பருப்பு வேகவைக்க வேண்டியிருந்தது. குக்கர் கேஸ்கெட் போய்விட்டது. அம்மாவுக்கு ஃபோன் பண்ணி, பாத்திரத்தில் எவ்வளவு நேரம் விடணும் என்று கேட்டேன்.

"பைரவி அட தாள வர்ணம் ரெண்டு தடவை. இரண்டாம் காலமும் சேத்து."

"நிமிஷத்துல சொல்லும்மா."

"நிமிஷம்லாம் நான் பாத்ததில்லை."

எட்டாம் வகுப்பில் மேத்ஸ் ட்யூஷனுக்காகப் பாட்டு கிளாஸை விட்டவன் நான். எனக்கு வர்ணம் தெரியாது. ஸ்பீக்கரில் போடச் சொல்லி, ஃபோனை அடுப்பு மேடையில் வைக்கச் சொன்னாள். பருப்பு வேகும்வரை பாடினாள். நடுவில் ஒருமுறை நிறுத்தி, "நுரை பொங்கறதா பாரு" என்றாள். பொங்கியிருந்தது.