வர்ணத்தில் கரைந்த நிலம்

நிலத்தைக் கண்ணுக்குத் தென்படுகிறவாறே எழுதிக்காட்டுவது ஓவியனின் கடமையா, அல்லது அந்நிலத்தின் முன் நிற்கையில் உள்ளத்தில் எழும் பரவசத்தை வர்ணத்தால் மட்டும் உணர்த்திவிட்டாற் போதுமா என்னும் வினா, கே. எம். ஆதிமூலத்தின் பிற்கால ஓவியங்களைக் காணுந்தோறும் எழாமற் போகாது. திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரில் 1938-இல் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியிற் பயின்று, 1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டி மகாத்மாவைக் கறுப்புக் கோடுகளிலேயே வடித்துப் புகழெய்திய அவர், தைலவர்ணத்திற்குள் புகுந்தபோது அந்தக் கோடுகளை வாசற்படியிலேயே விட்டுச் சென்றார்.

அவ்வோவியங்களில் மலையென்றோ ஏரியென்றோ சுட்டத்தக்க உருவம் அரிது. கத்தியால் இழுத்த வர்ணம் படலம் படலமாய்ப் படிந்திருக்க, மேற்படலம் ஒரு விரற்கடை விலகிய இடத்தில் அடியிலுள்ள காவி கசிகிறது. வெளிச்சம் திரைக்குள்ளிருந்தே வருவதுபோல் ஒரு பிரமை. நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியவருக்கு இவ்வித்தை கைவந்ததில் வியப்பில்லை. பாவில் ஒரு நிறமும் ஊடையில் ஒரு நிறமும் ஓட்டினால் மூன்றாவது நிறமொன்று பிறக்குமென்பதை எங்கள் ஆண்டிபட்டிப் பக்கத்துச் சக்கம்பட்டித் தறிக்காரர் எவரும் சொல்வார். ஓவியர் ரஜா பிந்து என்னும் புள்ளியையும், ஓவியர் பணிக்கர் எழுத்தையும் ஜாதகக் கட்டம் போன்ற குறிகளையும் துணைக்கழைத்த காலத்தில், சின்னம் எதுவுமின்றி வர்ணத்தையே தியானமாக்க முனைந்தது ஆதிமூலத்தின் பெருமை.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமலிருக்க இயலவில்லை. தொல்காப்பியர் வகுத்த முறையில் நிலமும் பொழுதும் முதற்பொருள், உணர்ச்சி உரிப்பொருள். இவ்விரண்டையும் இணைப்பது மரமும் பறவையும் தொழிலுமாகிய கருப்பொருள். ஆதிமூலம் இந்த நடுவணதை நீக்கிவிட்டு, முதலிலிருந்து உரிக்கு ஒரே தாவாகத் தாவுகிறார். பங்குனி வெயிலில் சாம்பல் பூத்துக் கிடக்கும் வருசநாட்டு மலையும், அதன்கீழ்ச் செம்மண்ணும், முருங்கைத் தோட்டமும், கள்ளி வேலியும் எங்களுக்கு வெறும் நிறங்களாக மட்டும் தோன்றுவதில்லை. 1959-இல் வைகை அணை எழுந்தபின் வறண்ட பூமியின் நடுவே விரிந்த நீலம், அதன் அடியில் ஊர்கள் மூழ்கியதை அறிந்தவனுக்குச் சாந்தியின் நிறமாகுமோ? உருவம் வரைந்தேயாக வேண்டுமென்று நான் வாதிடவில்லை. நீலம் எதன் நீலமென்று படம் அறிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

ஜாவாவிலும் இவ்வழக்கு வேறு வடிவில் நடந்ததுண்டு. டச்சுக்காரர் ஆட்சியில் மலை, தென்னை, நெல்வயல் என்று அழகழகாய்த் தீட்டி விற்றவர்களை ஓவியர் சுஜோயோனோ வன்மையாகக் கண்டித்தார்; 1938-இல் பெர்சாகி என்ற ஓவியர் சங்கம் தோன்றியது. பின்னாளில் சாந்திநிகேதனத்திற்கு வந்து தங்கிய ஜாவா ஓவியர் அஃபாண்டி, வர்ணக்குழாயைத் திரைமேலேயே பிதுக்கித் தீட்டியவர். எனினும் அவருடைய மெராபி எரிமலை, எவ்வளவு சிதறிச் சுழன்றாலும் மெராபியாகவே நிற்கிறது. ஆவேசத்திற்காக அவர் மலையைப் பலியிடவில்லை.

கி. ராஜநாராயணனின் எழுத்துக்காக ஆதிமூலம் வரைந்த கோட்டோவியங்களில், ஒரு கிழவரின் முகச்சுருக்கத்திலேயே கரிசல் வெடிப்பைக் காணலாம். ஆனால் 2008-இல் மறையும்வரை ஆதிமூலம் தீட்டிய வர்ணநிலங்களுள் பலவற்றுக்கு ஊர் சொல்ல முடியாது. வர்ணத்தில் அவர் வித்தகரென்பதில் ஐயமில்லை. நிலத்தின் ஓவியர் என்னும் பெயரை அவருடைய கறுப்புக் கோடுகளுக்கே நான் தருவேன்.