எலும்பின் மேலேயே பெயர்

வைத்திய நூல்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல உமக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். நோயாளிக்கு உள்ள யோக்கியதைதான்.

1858-ல் லண்டனில் வெளிவந்த ஹென்றி கிரேயின் உடற்கூறு நூலை, திருத்தித் திருத்தி, இன்றும் அச்சிடுகிறார்கள். கிரேயின் வசனம் சுத்தமான வசனம், அவ்வளவுதான். புஸ்தகத்தைத் தூக்கி நிறுத்தியவை ஹென்றி வாண்டைக் கார்ட்டர் வரைந்த படங்கள். அதற்கு முந்திய நூல்களில் பெரும்பாலும் எலும்பின் மேல் ஓர் எழுத்தோ எண்ணோ இருக்கும். அது இன்னதென்று அறிய வேறிடத்தில் உள்ள பட்டியலுக்குப் போக வேண்டும். திரும்பி வருவதற்குள் கண் இடத்தைத் தவறவிட்டிருக்கும். கார்ட்டர் பெயரை உறுப்பின் மேலேயே, தசை ஓடுகிற போக்கிலேயே, எழுதிவிட்டார். பார்ப்பதும் படிப்பதும் ஒரே காரியமாகிவிட்டது. வாசகன் எங்கே தடுமாறுவான் என்று யோசித்தவனுக்கே இது தோன்றும். விற்பனையில் பங்கு என்னவோ கிரேக்குத்தான். கார்ட்டர் அதே வருஷம் பம்பாய்க்குக் கப்பலேறினார். நம் மதுரையின் பெயரைச் சுமக்கிற பாத நோயை ஆராய்ந்து 1874-ல் ஒரு நூலே எழுதினார்.

இன்று அந்த வேலையைக் கம்ப்யூட்டர் திரை செய்ய வேண்டியிருக்கிறது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1996-ல் தொடங்கிய பப்மெட்டில் மூன்றரைக் கோடிக்கு மேல் கட்டுரைக் குறிப்புகள் இருக்கின்றன. 'ஹார்ட் அட்டாக்' என்று தட்டினால், 'மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்' என்று வைத்தியர்கள் வழங்கும் பெயரையும் தானாகவே சேர்த்துத் தேடுகிறது. இது கார்ட்டரின் புத்தி, மெச்சுகிறேன். ஆனால் பிறகு? பக்கம் பக்கமாகத் தலைப்புகள் வந்து நிற்கின்றன. ஓரத்தில் சல்லடைகள் உண்டு. சல்லடையைப் பிடிக்கவே வைத்தியம் படித்திருக்க வேண்டும். பாமரருக்கென்று அதே நூலகம் 1998 முதல் மெட்லைன்பிளஸ் நடத்துகிறது. பாஷை எளிமைதான், குறை சொல்ல மாட்டேன். அங்கிருந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கு ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள். அதை அமுக்கியதும் மறுபடி அதே காடு.

தாயாரின் பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரவு இரண்டு மணிக்குத் தேடுகிற பிள்ளைக்கு, ஆயிரக்கணக்கானவர்களைச் சோதித்த கட்டுரையும் ஒரே நோயாளியின் கதையும் ஒரே அளவு எழுத்தில்தான் தெரிகின்றன. அவன் பயப்பட வேண்டியது எதற்கு, விட்டுத்தள்ள வேண்டியது எது? தலைப்பின் பக்கத்திலேயே 'ஒரு நோயாளி' என்றோ 'நாலாயிரம் பேர்' என்றோ போட்டுவைக்க எவ்வளவு இடம் பிடித்துவிடும்?