தொழிலாளர் குடியிருப்பும் அழகும்: மிஷேல் டி கிளேர்க்கின் கட்டடக்கலை பற்றிய ஒரு நோக்கு

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பியக் கட்டடக்கலை அடைந்த மாற்றங்களை ஆராய்வோர், ஜேர்மனியின் பௌஹவுஸ் கல்லூரியையும் பிரான்சிற் பணியாற்றிய லெ கொர்பூசியேயையும் மையமாகக் கொண்டே பெரும்பாலும் வரலாறு எழுதி வந்துள்ளனர். அவ்வரலாற்றில் ஒல்லாந்தைச் சேர்ந்த மிஷேல் டி கிளேர்க் (1884-1923) நெடுங்காலம் ஓர் அடிக்குறிப்பாகவே இடம்பெற்றார். கற்பனை மிகுந்தவர், விசித்திரமான கோபுரங்களை அமைத்தவர், காலத்தின் போக்கை உணராதவர் என்பனவே அவர்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகள். இவை முற்றிலும் ஆதாரமற்றவை என்று கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் இக்கலைஞரின் முக்கியமான படைப்புகள் தொழிலாளரின் வாடகைக் குடியிருப்புகளாக அமைந்தமை தற்செயலானதன்று. நமது இலக்கிய விமரிசனத்தில் உருவம், உள்ளடக்கம் என்பன குறித்துப் பல்லாண்டுகளாக நிகழ்ந்த விவாதத்தை அறிந்தோருக்கு, அதே வினா செங்கல்லிலும் சாந்திலும் எழுந்த இவ்வரலாறு அந்நியமாகத் தோன்றாது.

டி கிளேர்க்கின் கலையை விளங்கிக்கொள்வதற்கு அதன் சமூக அடித்தளத்தை முதலில் நோக்குதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அம்ஸ்ரடாம் நகரின் சனத்தொகை விரைவாகப் பெருகியது. ஊக வணிகர் கட்டிய ஒடுங்கிய மனைகளிலும் நிலக்கீழ் அறைகளிலும் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்குண்டு வாழ்ந்தன. காற்றும் வெளிச்சமும் புகாத சுவர்மாடங்களே பலருக்குப் படுக்கையறையாக இருந்தன. இந்நிலைமைக்கு எதிரான கிளர்ச்சியின் பேறாகவே 1901ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் பிறந்தது. அச்சட்டம் நகரசபைகளுக்குக் கட்டட ஒழுங்குவிதிகளை ஆக்கும் பொறுப்பை வழங்கியதோடு, இலாப நோக்கமற்ற வீடமைப்புச் சங்கங்கள் அரசாங்கக் கடன் பெற்று வீடு கட்டவும் வழி செய்தது. சட்டம் இயற்றப்பட்டவுடன் வீடுகள் எழுந்துவிடவில்லை. 1914இல் சமூக ஜனநாயகவாதியான புளோர் வீபோ அம்ஸ்ரடாம் மாநகர ஆட்சிக்குழுவில் இடம்பெற்றதும், ஆரி கெப்லர் மாநகர வீடமைப்புத் திணைக்களத்தின் தலைமையை ஏற்றதும் நிலைமையை மாற்றின. முதலாம் உலகப் போரில் ஒல்லாந்து நடுநிலை வகித்ததெனினும், மூலப்பொருட் தட்டுப்பாட்டினால் தனியார் கட்டட முயற்சிகள் முடங்கின. தனியார் விலகிய வெளியிற் பொதுப் பணமும் சங்கங்களும் நுழைந்தன. டி கிளேர்க்கின் மேதைமைக்குக் களம் அமைத்துக் கொடுத்தது இவ்வரலாற்றுச் சந்தர்ப்பமே.

அவர் அம்ஸ்ரடாமின் யூதச் சமூகத்தில், வைரத் தொழிலாளி ஒருவரின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர். பதினான்காவது வயதில், 1898இல், எடுவார்ட் கைப்பர்ஸ் என்னும் கட்டடக்கலைஞரின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பல்கலைக்கழகப் படிப்பு அவருக்குக் கிட்டவில்லை. வரைபலகையே அவரது கல்விக்கூடம். பின்னர் அம்ஸ்ரடாம் மரபினர் என அறியப்பட்ட பீற் கிராமர், யோகான் வான் டெர் மை ஆகியோரின் நட்பு அவ்வலுவலகத்திலேயே வாய்த்தது.

இம்மூவரும் இணைந்த முதற் பெரும் படைப்பு 1913க்கும் 1916க்கும் இடையில் எழுந்த கப்பற் போக்குவரத்து இல்லமாகும். தலைமைப் பொறுப்பு வான் டெர் மையினுடையது. ஆறு கப்பற் கொம்பனிகளின் கூட்டு அலுவலகமான இதன் முகப்பெங்கும் கடலோடிகளின் தலைகளும் கடற்பிராணிகளும் சிற்பங்களாக நெருங்கி நிற்கின்றன. கிழக்கிந்தியத் தீவுகளின் வாணிபத்தாற் கொழுத்த மூலதனம் தனக்குத் தானே எழுப்பிய கோயில் என்று இதனைக் கூறலாம். 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்துக் கொம்பனியின் நினைவு நம்மிடையே இன்னும் அழியாதிருக்கையில், இச்சிற்பங்களை வெறும் அலங்காரமாக நாம் பார்க்க இயலாது. செங்கல்லை வளைக்கவும் நெளிக்கவும் இக்கட்டடத்திற் கற்ற கைத்திறனை டி கிளேர்க் அடுத்து எங்கே கொண்டு சென்றார் என்பதே நமக்கு முக்கியமானது.

நகரின் மேற்குப் பகுதியில், துறைமுகத்தையும் புகையிரதப் பாதையையும் அண்டிய ஸ்பார்ண்டம் பகுதிக்கு அவர் சென்றார். அங்குள்ள சதுக்கத்தின் வடபுறத்தில் முதலாவது குடியிருப்புத் தொகுதியைக் கிளாஸ் ஹிலே என்னும் தனியார் ஒப்பந்தகாரருக்காக 1913இல் தொடங்கினார். இரண்டாவது தொகுதியை அவரால் முன்னெடுக்க இயலாதபோது, 'சொந்த அடுப்பு' எனப் பொருள்படும் பெயருடைய ஐகன் ஹார்ட் என்னும் வீடமைப்புச் சங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. மூன்றாவது தொகுதியே அவரது புகழுக்கு முதற் காரணமானது. 1917க்கும் 1921க்கும் இடையில், முக்கோண வடிவான நிலமொன்றில் 102 வீடுகளைக் கொண்டு அது எழுந்தது. மக்கள் அதற்குக் 'கப்பல்' என்று பெயரிட்டனர். ஏற்கெனவே அங்கிருந்த பாடசாலையொன்றைத் தன்னுள் அணைத்துக்கொண்டு, உள்முற்றத்திற் சிறிய கூட்ட மண்டபத்தையும் கூர்முனையில் தபாற் கந்தோரையும் அது தாங்கி நிற்கிறது. (கந்தோர் என்னும் நமது சொல்லே ஒல்லாந்தர் விட்டுச் சென்றதுதான்.)

செம்மஞ்சட் செங்கல் அலைபோல் மடிகிறது. கூரைக்குரிய ஓடு சுவரில் இறங்கித் தொங்குகிறது. ஒரு மூலையில் சுருட்டின் வடிவிற் சுவர் புடைத்து நிற்கிறது. ஒடுங்கிய தெருவொன்றின் எதிரே உயரும் கோபுரத்துக்கு எவ்விதப் பயன்பாடும் இல்லை. மணியோ கடிகாரமோ அதில் இல்லை. அதில் ஏற வேண்டிய தேவையும் எவருக்கும் இல்லை. கிராமத்தில் தேவாலயமும் நகரில் மாளிகையும் கொண்டிருந்த கோபுரத்தைத் துறைமுகத் தொழிலாளியின் தெருவுக்கு வழங்கியமை ஒன்றே அதன் பயன். இதனை விரயம் என்பதா, உரிமை மீட்பு என்பதா? விமரிசகர் பிரிந்து நிற்பது இவ்விடத்திலேயே.

றொட்டர்டாம் நகரின் அவுட் முதலியோரைக் கொண்ட டி ஸ்ரைல் குழுவினர் இவ்வலங்காரத்தைக் கடுமையாக நிராகரித்த அணியினர். கட்டட வடிவம் அதன் திட்டத்திலிருந்தும் உற்பத்தி முறையிலிருந்தும் பிறத்தல் வேண்டும், தொழிலாளருக்கு வேண்டியது மலிவும் சுகாதாரமும் வெளிச்சமும் என்பதே அவர்களின் வாதம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. 'கப்பல்' வீடுகளின் உள்ளமைப்பில் முகப்பிற் காணும் புரட்சி எதுவும் இல்லை. அறைகள் வழமையானவை, குளியலறை கிடையாது. சில சன்னல்கள் வீட்டிலிருப்போரின் தேவைக்கன்றித் தெருவிலிருந்து நோக்குவோரின் கண்ணுக்காகவே அமைந்தன. செலவு பற்றிய முறையீடுகளும் எழுந்தன.

ஆனால் எதிரணியினரின் வாதத்தில் ஓர் இடைவெளி உண்டு. தொழிலாளிக்குச் சிக்கனமே போதுமானது என்று தீர்மானிக்கும் உரிமையை அவர்களுக்கு வழங்கியவர் யார்? வறுமை திணித்த வெறுமையையே அறிவின் வெறுமையாகப் பெயர் மாற்றிக் கொடுப்பதில் உள்ள முரண்பாட்டை அவர்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை. அவுட் றொட்டர்டாமிற் கட்டிய கீவ்ஹூக் குடியிருப்பு, 1920களின் பகுத்தறிவுக் கட்டடக்கலைக்கு உலகறிந்த சான்று. அது 1990களின் முற்பகுதிக்குள் ஏறத்தாழ முற்றாக மீளக் கட்டப்பட வேண்டியதாயிற்று. இதற்குக் காரணம் பாணி மாத்திரம் என்று சாதிப்பது நேர்மையாகாது. எனினும் மலிவு என்பதை எத்தனை ஆண்டுகளுக்குக் கணக்கிடுவது என்னும் கேள்வியை இது எழுப்பவே செய்கிறது.

டி கிளேர்க் தம் கொள்கையை விரிவாக எழுதியவரல்லர். 1916இல் மூத்த கட்டடக்கலைஞர் பேர்லாகேயின் அறுபதாண்டு நிறைவையொட்டி அவர் எழுதிய சிறு கட்டுரை விதிவிலக்கானது. பாராட்டு எதிர்பார்க்கப்பட்ட இடத்தில், பேர்லாகே தொழில்நுட்பத்தைச் சீர்செய்தாரேயன்றிக் கட்டடக் கலைக்குப் புத்துயிர் அளிக்கவில்லை என்று துணிந்து கூறினார். இம்மதிப்பீடு மிகைப்பட்டது என்பதே எமது கருத்து. பேர்லாகேயின் தெற்கு அம்ஸ்ரடாம் திட்டம் இல்லாதிருந்தால் டி கிளேர்க்கின் பிற்காலப் படைப்புகளுக்கு நிலமே இருந்திராது.

அத்திட்டத்தினுள் கிராமரோடு சேர்ந்து 1919க்கும் 1922க்கும் இடையில் 'விடியல்' என்னும் வீடமைப்புச் சங்கத்துக்காக அவர் அமைத்த தொகுதி, 'கப்பலின்' கொந்தளிப்பு அடங்கிய படைப்பு. தெருமுனையின் பெரும் அலைகள் கிராமருடையவை. டி கிளேர்க்கின் பங்கு பின்னாலுள்ள இரு சிறு சதுக்கங்களில் அமைதியாகத் தெரிகிறது. அங்கே பல வீடுகள் சேர்ந்து ஒரு பெரிய மனைபோன்ற தோற்றத்தைப் பெறுகின்றன. நாம் அறிந்தவரை அவரது முதிர்ந்த சாதனை இதுவே. கோபுரத்தின் துணையின்றியே கண்ணியம் இங்கு கைகூடியுள்ளது.

இதே காலத்தில் அரசாங்க மானியம் குறையத் தொடங்கியது. தனியார் கட்டடக்காரர் மீண்டும் களத்துக்கு வந்தனர். உட்புறத்தை அவர்கள் தம் விருப்பப்படி அமைக்க, மாநகரசபையின் அழகுக் குழுவைத் திருப்திப்படுத்துவதற்கு முகப்பை மாத்திரம் கட்டடக்கலைஞர் வரைந்து கொடுத்தனர். எதிரிகள் இதனை ஏப்பிரன் கட்டடக்கலை என்று ஏளனம் செய்தனர். இன்று சுதந்திர வீதி எனப்படும் தெருவில், 1921ஐ அடுத்த ஆண்டுகளில், டி கிளேர்க்கும் இவ்விதமே பணியாற்றினார். அவருடைய முறையில் முகப்புக்கும் உள்ளமைப்புக்கும் ஆரம்பத்திலிருந்தே இருந்த இடைவெளி இங்கு வணிகருக்குப் பயன்பட்டது என்பதை அவரைப் போற்றுவோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். சங்கத்தின் பொதுப் பணத்தில் எழுந்த அலங்காரம் தொழிலாளரின் பெருமிதமாயிருந்தது. வணிகரின் பணத்தில் எழுந்த அதே அலங்காரம் விற்பனைப் பண்டமாயிற்று. கை ஒன்றே, மாறியது உற்பத்தி உறவு.

1923 நவம்பர் 24ஆம் திகதி, தமது முப்பத்தொன்பதாவது பிறந்த நாளன்று, அவர் காலமானார். தொழிலாளர் வீட்டுப் பெண்ணொருத்தி சமூக ஜனநாயகவாதிகளின் நாளேடான 'ஹெற் வோல்க்'குக்கு எழுதிய இரங்கற் கடிதம், கட்டடக்கலை வரலாற்றில் அரிதான ஆவணம். இலக்கிய விமரிசகனுக்கு வாசகரின் சான்று எத்தகையதோ, கட்டடத்துக்குக் குடியிருந்தோரின் சான்று அத்தகையது. 'கப்பலின்' தபாற் கந்தோர் 1999இல் மூடப்பட்டு, 2001 முதல் அம்ஸ்ரடாம் மரபுக்கான அருங்காட்சியகமாக இயங்குகிறது. அதனைச் சூழ்ந்த வீடுகள் ஐகன் ஹார்ட் சங்கத்தின் உடைமையாகவே உள்ளன. அவற்றில் இன்றும் வாடகைக் குடியிருப்பாளரே வாழ்கின்றனர்.