சாட்சி பாவம்: நம் வட்டாரத்து மரபுகளும் இன்றைய தரமும்

மலருக்குச் சாட்சி பாவம் பற்றி எழுதித் தரும்படி நம் சபைத் தலைவர் ஐயா அவர்கள் பணித்தார்கள். பெரியவர்கள் சொல்லைத் தட்டுவதில்லை. சாதன சதுஷ்டயமும் பஞ்சகோச விவேகமும் நம் அன்பர்களுக்குப் பாடமானவை. ஆகவே அவற்றை விட்டுவிட்டு, நம் பக்கத்து மரபுகளையும், அவற்றில் தரம் என்று எது கருதப்பட்டது என்பதையும் மட்டும் சொல்கிறேன்.

சித்தாந்திகளை முதலில் சொல்வது முறை. மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் சிவஞானபோதம் அருளிய திருவெண்ணெய்நல்லூர் நமக்கு அயலூர் அல்ல. உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. ஒதுங்கி நின்று பார்ப்பதனாலேயே அதற்கு விடுதலை இல்லை. காணும் உயிருக்குக் காட்டும் முதல் வேண்டும் என்பது அவர்கள் கட்சி. நாம் வேதாந்த வழியினர். ஆயினும், பார்க்கிறவன் நானே என்ற செருக்கு ஏறாமல் காக்கும் அந்தக் கட்சிக்கு நாம் கடன்பட்டவர்கள்.

பகவான் ரமணர் 1896 ஆகஸ்டில் மதுரையில் டிக்கெட் எடுத்தது திண்டிவனத்துக்குத்தான். வண்டியில் ஒரு மௌலவி வழி சொன்னதால் விழுப்புரத்தில் இறங்கி, மாம்பழப்பட்டு, அறையணிநல்லூர், கீழூர் என்று நம் மண்ணின் வழியாகவே போய், செப்டம்பர் 1 அன்று அண்ணாமலை சேர்ந்தார். காண்பானையும் காணப்படுவதையும் பிரித்துக் காட்டும் 'திருக் திருசிய விவேக'த்தைத் தமிழில் தந்தவரும் அவரே. என்றாலும் சாட்சி நிலையில் தங்கிவிட அவர் யாரையும் விடவில்லை. காட்சி உள்ளவரைதான் சாட்சி. அந்தப் பார்ப்பவன் யார் என்று விசாரித்து மூலத்தில் ஒடுங்க வேண்டும் என்பதே அவர் வழி.

ஸ்ரீ அரவிந்தர் வழி வேறு. 1908 ஜனவரியில் பரோடாவில் யோகி விஷ்ணு பாஸ்கர் லேலேயுடன் அமர்ந்தவர், எண்ணங்கள் வெளியிலிருந்து உள்ளே வருவதைக் கண்டு, நுழையுமுன்பே தள்ளினார். மூன்றே நாளில் மனம் ஓய்ந்தது. 1910 ஏப்ரல் 4 அன்று புதுச்சேரி வந்த பிறகு அவர் வகுத்த யோகத்தில் சாட்சி புருஷன் முதற்படி மட்டுமே. கீதையின் பதின்மூன்றாம் அத்தியாயம் உபதிரஷ்டா என்பதோடு நிற்காமல் அனுமந்தா என்றும் மகேசுவரன் என்றும் ஏறுகிறதே, அந்த ஏற்றத்தை அவர் சாதனையாகவே ஆக்கினார். பிரகிருதியின் ஆட்டத்தைப் பார்ப்பது, பிறகு அதற்குத் தருகிற சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, அதன்பின் ஆள்வது. பகவானிடமும் அரவிந்தரிடமும் ஒருங்கே பக்தி கொண்ட கபாலி சாஸ்திரியார் இரு வழிகளுக்கும் பாலமாக நின்றார்.

இனி நம் திண்ணை. குயிலாப்பாளையத்தில் எங்கள் ஐயா பாடம் சொன்னது கோவிலூர் மடத்து முறையில். நன்னிலம் தாண்டவராய சுவாமிகளின் 'கைவல்ய நவநீதம்' கையில் இல்லாமல் யாரும் உட்கார முடியாது. பதம் பிரித்துப் படிக்க வேண்டும்; பொருள் சொல்ல வேண்டும்; மறுநாள் நூலைப் பாராமல் ஒப்பிக்க வேண்டும். 1968க்குப் பின் பக்கத்தில் ஆரோவில் வளர, வெளிநாட்டு அன்பர்களும் வந்து அமர்ந்தார்கள். அவர்களுக்கும் அதே விதிதான்.

முந்திரிப் பருவத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கொட்டை உடைத்துவிட்டு வந்த மாணவர் ஒருவருக்கு, அதன் பால் பட்டு விரல்களெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது. ஐயா முதலில் வீட்டுக்குள் குரல் கொடுத்துத் தேங்காய் எண்ணெய் வரவழைத்துத் தாமே தடவிவிட்டார். பிறகு கேட்டார்: "எரிச்சல் விரல்ல இருக்கு. ஐயோங்கிறது எங்கப்பா இருக்கு?" மாணவர் மனசில் என்றார். "அந்த மனசு தவிக்கிறதும் உனக்குத் தெரியுதில்ல? தெரியிற இடத்துல எரியுதான்னு பாரு." மாணவர் நெடுநேரம் பேசவில்லை. ஐயாவும் அவசரப்படுத்தவில்லை. அன்று வேறு பாடம் நடக்கவில்லை.

இன்றைய நிலையை எழுதக் கை தயங்குகிறது. யாரையும் குறிப்பிடுவதாக அன்பர்கள் கொள்ளக் கூடாது. நல்ல உள்ளத்தோடு நடத்துகிறவர்கள் பலர் உண்டு. ஆனாலும் ஒரு சனி, ஞாயிறு முகாமில் சாட்சி நிலை கைகூடிவிட்டதாகச் சொல்லி அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. விவேகம், வைராக்கியம் என்ற பேச்சே இல்லை. நூல் இல்லை. கண்ணை மூடு, எண்ணத்தைப் பார், முடிந்தது. வீட்டில் தகப்பனார் படுக்கையில் கிடக்க, "நான் சாட்சி, எனக்கு ஒட்டவில்லை" என்று வாசலைத் தாண்டிப் போகிறவரைக் கண்டேன். எண்ணெய் தடவாத கைக்குச் சாட்சியைப் பற்றிப் பேச என்ன உரிமை?

நம் சபையிலேயே பாட நேரத்தில் கைப்பேசி ஒலிக்கிறது. ஒலித்தவர் வெட்கப்படுவதுமில்லை. சந்தி பிரிக்கத் தெரியாமல் பாட்டை உடைத்துப் படிக்கிறார்கள். கேட்டால் கருத்துதானே முக்கியம் என்கிறார்கள். சொல் சிதைந்த இடத்தில் கருத்து எங்கிருந்து வரும்? ஒப்பித்தல் போயிற்று, கேள்வி போயிற்று, ஆசிரியர் முன் அஞ்சி நிற்பது போயிற்று. பிரசாதத்துக்குக் கூடுகிற கூட்டத்தில் நான்கில் ஒரு பங்கு பாடத்துக்குக் கூடுவதில்லை. இப்படியே போனால் இந்தக் கடற்கரைப் பக்கம் கைவல்யம் சொல்ல ஒரு நாக்கு மிஞ்சாது.

ஐயா கையாண்ட பிரதி இன்னும் அவர் வீட்டார் வசம் இருக்கிறது, தருவதற்கும் இசைந்திருக்கிறார்கள். அதை வைத்து, ஒப்பித்தலோடு கூடிய பழைய பாடத்தைச் சபைப் பெரியவர்கள் மறுபடி தொடங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நாளும் நேரமும் அவர்கள் விருப்பம். கேள்வி கேட்கும் ஆவலில் சந்தேகம் தெளிதற் படலத்துக்குத் தாவாமல், தத்துவ விளக்கப் படலத்தின் முதற்பாட்டிலிருந்தே எடுக்க வேண்டும் என்பது மட்டும் என் கருத்து.