ஜவ்வாது மலையடியில் மூன்று நூல்கள்

திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலையைப் பார்த்து வாழும் வாசகர் ஒருவருக்கு, பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம் தம் அண்டை நிலத்தின் நூலாகவே தோன்றும். 583 அடிகள் கொண்ட இந்த ஆற்றுப்படை, அதாவது பரிசில் பெற்ற கலைஞன் பிறரையும் வள்ளலிடம் வழிப்படுத்தும் பாட்டு, செங்கத்து மன்னன் நன்னனை நாடிச் செல்லும் கூத்தருக்குத் தினைப்புனக் காவலரின் கவண்கல், பன்றிப் பொறி, வழுக்கும் பாறை ஆகிய இடர்களையெல்லாம் முன்கூட்டியே சொல்லி வைக்கிறது. மன்னனைப் புகழும் பகுதிகளைவிட, மலையில் எழும் ஓசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் பகுதியே இந்நூலின் உச்சம். அங்கே புலவரின் செவி கண்ணை வென்றுவிடுகிறது.

அதே நிலத்தில் கிடைத்த வீரர் நினைவுக் கற்களைத் தொகுத்து, தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத் துறை 1970-களின் தொடக்கத்தில் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ ஆய்வாளருக்கான தொகுப்பு எனினும், ‘தொறு’ எனப்படும் ஆநிரையைக் காத்து மடிந்த எளியோரின் பெயர்களைத் தாங்கி நிற்பதால், பொது வாசகரும் பொறுமையுடன் படிக்கத்தக்கது. அத்தொகுப்பிலுள்ள எடுத்தனூர்க் கல்லில் கள்வரைக் கடித்த கோவிவன் என்னும் நாய்க்கும் இடமுண்டு. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துச் சிற்றூர் ஒன்றின் நன்றியுணர்வை இத்தனை துலக்கமாகக் காட்டும் சான்று அரிது.

மூன்றாவது நூலான ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ (2004) ஜவ்வாது மலைக்கு அப்பால் சத்தியமங்கலம் காட்டைச் சார்ந்த நாவல். சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனைக் காவல்துறை தேடியபோது சோளகர் என்னும் பழங்குடியினர் அடைந்த கொடுமைகளைக் கூறும் அதன் நடை பல இடங்களில் அறிக்கையை நெருங்குகிறது. ஆயினும் அந்த வறட்சியே துயரத்தை மிகைப்படுத்தாமல் காக்கிறது என்பதால், சோளகரைப் போன்ற பழங்குடியினரான மலையாளி மக்கள் வாழும் ஜவ்வாது மலையின் வாசகர்கள் அவசியம் படிக்க வேண்டிய நாவல் இது.