இரண்டு ரயில்களும் ஊர்க் கல்லூரியும்

மன்னார்குடியிலிருந்து இரவில் இரண்டு ரயில்கள் கிளம்புகின்றன. சென்னைக்கு மன்னை எக்ஸ்பிரஸ், கோவைக்குச் செம்மொழி எக்ஸ்பிரஸ். கல்லூரி திறக்கும் சமயத்தில் பிளாட்பாரத்தில் நின்றால், ஊரின் வசதியான வீடுகள் எடுத்த முடிவு கண்ணெதிரே தெரியும். புதுப் பெட்டி, புது வாளி, பை நிறைய முறுக்கு, கண் கலங்கி நிற்கும் அம்மா. போகும் பிள்ளைகளில் ஊருக்கே திரும்பி வந்து வாழ்கிறவர்கள் மிகச் சிலர்.

கோவை வட்டாரத்துப் பணக்கார வீடுகளின் கணக்கு வேறு. அங்கே பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951இல் தொடங்கியபோது, சுற்றிலும் நூற்பாலைகளும் மோட்டார் பம்பு பட்டறைகளும் இருந்தன. மெக்கானிக்கல் படித்த மகன் அப்பாவின் பட்டறைக்கே வரலாம். படிப்பும் தொழிலும் ஒன்றையொன்று வளர்த்தன. அதிலும் குறை உண்டு: பிள்ளையின் ஆசையைவிடப் பட்டறையின் தேவை முந்திக்கொள்ளும்.

நம் டெல்டா மிராசு வீடுகளிடம் இருந்தது பட்டறை அல்ல, நிலம். 1961ஆம் ஆண்டின் உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வரம்பு கட்டியது. 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. நிலமற்றவர்களுக்கு அது நியாயம். நிலம் வைத்திருந்தவர்களுக்கோ அடுத்த தலைமுறையைப் பற்றிய பயம். 1924ஆம் ஆண்டின் காவிரி ஒப்பந்தம் 1974இல் ஐம்பது ஆண்டைத் தொட்டதும், தண்ணீரும் வழக்காயிற்று. குறுவை உண்டா இல்லையா என்று மேட்டூரைப் பார்த்தே காத்திருக்கும் வீடு, பிள்ளையை டாக்டராகவோ என்ஜினியராகவோ ஆக்கிவிட நினைத்ததில் தவறில்லை. பெண் பிள்ளைகளுக்கும் அந்தக் கதவு திறந்தது. இதை நான் மனதாரப் பாராட்டுவேன்.

ஆனால் அந்த முடிவுக்கு ஊர் கொடுத்த விலை பெரிது. கும்பகோணம் அரசுக் கல்லூரி தென்னகத்துக் கேம்பிரிட்ஜ் என்று பெயர் வாங்கிய காலத்தில், டெல்டாவின் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதுதான் கல்லூரி. ஜவுளிக்கடைக் கணக்கர் மகன் ராமானுஜன் 1904இல் சேர்ந்ததும் அங்கேதான். பூண்டியில் நிலக்கிழார் குடும்பம் ஒன்று 1956இல் புஷ்பம் கல்லூரியையே நிறுவியது. மன்னார்குடியில் 1971 முதல் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. இன்று வசதியான வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு அந்தப் பெயரை யாரும் சொல்வதே இல்லை. சொல் அம்பலம் ஏறும் வீடுகளுக்கு அங்கே பிள்ளை இல்லை. ஆய்வகம் வேண்டும், ஆசிரியர் வேண்டும் என்று கேட்கும் வேலை, கேட்டால் யாரும் காதில் வாங்காத வீடுகளின் தலையில் விழுகிறது.

இன்னொன்றுதான் என்னை அதிகம் வருத்துகிறது. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. ஈச்சங்கோட்டையில் 2014இல் வேளாண் கல்லூரி வந்தது. அதற்குப் பின்னாளில் எம்.எஸ்.சுவாமிநாதன் பெயரே சூட்டப்பட்டது. கும்பகோணத்து டாக்டர் வீட்டுப் பிள்ளை அவர். வங்கப் பஞ்சத்தின் கொடுமை மனதைத் தைக்க, மருத்துவம் வேண்டாமென்று கோவை வேளாண் கல்லூரிக்குப் போனார். நெல்லால் செழித்த வீடுகளில் நெல்லைப் படிக்க இன்று எத்தனை பேர் அனுப்புகிறோம்?

இந்த வருடம் உங்கள் வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால், விண்ணப்பம் போடுமுன் அவரை ஒருமுறை ஈச்சங்கோட்டைக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள். காலையில் போனால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம்.