புலப்படம் வரைய இங்க்ஸ்கேப்

மணப்பாறைப் பக்கம் காட்டைப் பாகம் பிரிக்க நினைக்கிறவர்கள் முதலில் தேடுவது எஃப்எம்பி நகலைத்தான். அந்தப் புலப்படத்தைத் தெளிவாக மறுபடி வரைந்து, அவரவர் பங்குக்கு நிறம் தீட்டிக் காட்ட இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப் போதுமா? தாராளமாகப் போதும். அதன் ஆயத்தொலைவுக் கணக்கு மட்டும் பிடிபட வேண்டும்.

எஃப்எம்பியில் ஜி லைன் என்றொரு அடிக்கோடு உண்டு. அதன்மேல் எத்தனை மீட்டர் போய், இடமோ வலமோ எத்தனை மீட்டர் செங்குத்தாக விலகினால் வரப்பு முனை வரும் என்பதே குறிப்பு. அதாவது ஒவ்வொரு புலத்துக்கும் தனி அச்சு. இங்க்ஸ்கேப்பின் குரூப் வசதி இதற்கு அச்சாகப் பொருந்துகிறது. 1:1000 அளவில் 1 மீட்டர், 1 மி.மீ. ஜி லைனைக் கிடையாகப் போட்டு, எக்ஸ்எம்எல் எடிட்டரில் எண்களை நேரடியாக அடிக்கலாம். 30 மீட்டரில் இடப்புறம் 12 மீட்டர் ஆஃப்செட் என்றால் 30,-12. எஸ்விஜி கோப்பில் ஒய் அச்சு கீழ்நோக்கி வளர்வதால்தான் அந்தக் கழித்தல் குறி. 2020 மே மாதம் வந்த 1.0 பதிப்பிலிருந்து திரையிலும் அதே திசைதான். அதற்கு முன்பு மேல்நோக்கி இருந்தது. பழைய காணொளியைப் பார்த்து எண் போட்டால் வரப்பு ஜி லைனுக்கு மறுபக்கம் போய்விடும்.

எல்லாவற்றையும் குரூப் செய்து, வடக்குத் திசைக்கு ஏற்பத் திருப்புங்கள். குரூப்பின்மேல் ஒரு டிரான்ஸ்ஃபார்ம் ஏறும். உள்ளே 30,-12 அப்படியே நிற்கும். எந்த முனையையும் எப்போது வேண்டுமானாலும் எஃப்எம்பியோடு ஒத்துப்பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். குரூப் செய்யாமல் கோட்டை மட்டும் திருப்பினாலோ, பிறகு குரூப்பைப் பிரித்தாலோ எண்கள் மாற்றி எழுதப்பட்டுவிடும்.

குறைகளும் உண்டு. நோட் கருவியின் எக்ஸ், ஒய் கட்டங்கள் திருப்பிய குரூப்புக்குள்ளும் பக்கத்தின் கணக்கையே காட்டுகின்றன. அகலக் கட்டம் கோட்டின் தடிமனையும் சேர்த்துக்கொள்கிறது: 0.5 மி.மீ. கோடு போட்டால் 84 மீட்டர் நிலம் 84.5 ஆகத் தெரியும். நில அளவில் அரை மீட்டர் சண்டைக்குப் போதும். விருப்பத்தேர்வுகளில் தடிமனைச் சேர்க்காத வடிவியல் எல்லையைத் தேர்ந்தால் சரியாகிவிடும்; இது தொடக்கத்திலேயே அப்படி இருந்திருக்க வேண்டும்.

ஜிபிஎஸ் புள்ளிகளோடு பல புலங்களை ஒட்டுவதற்கு இது ஆகாது, கியூஜிஐஎஸ்ஸுக்குப் போங்கள். அங்கே மணப்பாறைக்கு யுடிஎம் 44 வடக்கு மண்டலம். மேற்கே திண்டுக்கல் நகரம் 78 டிகிரி தீர்க்கரேகைக்கு அந்தப் பக்கம் இருப்பதால், அதற்கு 43.